‘பந்து தெரியவில்லை’: காமிரா, ஆட்டம், உரிமை – சில குறிப்புகள்

1

நமது சிறுபத்திரிகைச் சூழலில் சினிமாவைப் பற்றி எழுதலாம். சுவரொட்டி, கட்-அவுட், பட்டிமன்றம், ஜோசியம் எல்லாவற்றையும் பிரதியாக வாசிக்கலாம். விளையாட்டு மட்டும் வாசலிலேயே நிறுத்தப்பட்டுவிடுகிறது. மீறி எழுதினால் இரண்டே வசனங்கள்தான்: ஒன்று, ‘மக்களை மயக்கும் அபின்’, இன்னொன்று, ‘கிரிக்கெட் பார்ப்பனர்களின் ஆட்டம், கபடி நம் ஆட்டம்.’ இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டுமே ஒரு முக்கியமான இடத்தைத் தாண்டிக் குதித்துவிடுகின்றன. மைதானத்தில் நடக்கும் ஆட்டம் வேறு, பெட்டிக்குள் வரும் ஆட்டம் வேறு. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு காமிரா இருக்கிறது, ஒரு ஒப்பந்தம் இருக்கிறது, ஒரு சட்டம் இருக்கிறது. அதைப் பற்றி நாம் பேசுவதே இல்லை.

‘ஹாக்கி டி.வி.க்கு ஒத்துவராத ஆட்டம், பந்து கண்ணுக்கே தெரியாது’ என்பது இங்கே படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒரே குரலில் சொல்லும் வாக்கியம். இந்த வாக்கியம் எங்கிருந்து வந்தது, யாருக்கு இது வேலை செய்கிறது என்று கேட்பதுதான் இக்குறிப்புகளின் நோக்கம். அப்பாவித்தனமாகத் தோன்றும் வாக்கியங்களில்தான் அதிகாரம் சௌகரியமாக உட்கார்ந்திருக்கும்.

நான் இதை எழுதுவது விருத்தாசலத்திலிருந்து. எங்கள் ஊரைக் கோயிலுக்கும் ரயில்வே ஜங்ஷனுக்கும் தெரியும். வெளியூர்க்காரர்களில் சிலருக்குத்தான் பீங்கானுக்கும் தெரியும். தொழிற்பேட்டையில் பொம்மை, அகல்விளக்கு, பியூஸ் கட்டை, மின்கம்பிக்கான பீங்கான் என்று பலதும் அச்சில் வார்க்கிறார்கள், சூளையில் சுடுகிறார்கள். டி.வி. ஓடக் கரண்டு வேண்டும், கரண்டு ஓடப் பீங்கான் வேண்டும். ஆனால் டி.வி.யைப் பற்றிய நமது கோட்பாடுகளில் பீங்கான் வார்த்தவனுக்கு இடம் கிடையாது. அவன் வெறும் ‘பார்வையாளன்’. இந்த ஒதுக்கலையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே போகலாம்.

2

1982 நவம்பர் 19 முதல் டிசம்பர் 4 வரை தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. இந்தியத் தொலைக்காட்சியின் வரலாற்றை எழுதுகிற எல்லோரும் இங்கேதான் வந்து நிற்பார்கள். அந்த ஆகஸ்ட் 15இல்தான் வண்ண ஒளிபரப்பு தொடங்கியிருந்தது. அந்த ஏப்ரலில் ஏவப்பட்ட இன்சாட்-1ஏ செயற்கைக்கோள் செப்டம்பரில் செயலிழந்துபோனது. ஆனாலும் இரவல் செயற்கைக்கோளை வைத்துத் ‘தேசம்’ ஒரே நேரத்தில் ஒரே படத்தைப் பார்க்க வைக்கப்பட்டது. இங்கே விளையாட்டு என்பது ஒரு சாக்கு. காட்டப்பட்டது, ‘எங்களால் காட்ட முடியும்’ என்கிற அரசின் திறமை.

டிசம்பர் 1 அன்று ஹாக்கி இறுதி ஆட்டம். பாகிஸ்தான் 7, இந்தியா 1. 1975இல் கோலாலம்பூரில் உலகக் கோப்பையை வென்றபோது ஜஸ்தேவ் சிங்கின் இந்தி வர்ணனையை வானொலியில் கேட்ட தேசம், சொந்த மண்ணில் ஏழு கோல் வாங்கியதைக் கண்ணால் பார்த்தது. அந்த அணியில் பதினோரு பேர் ஆடினார்கள். ஆனால் பழி வலைக்காவலர் மிர் ரஞ்சன் நேகியின் தலையில்தான் விழுந்தது. அவர் காசு வாங்கிக்கொண்டார் என்றுகூடப் பேசினார்கள். இதற்குத் தேசியவெறி ஒரு காரணம் என்பது சரி. காமிரா இன்னொரு காரணம். நடுக்களத்தில் பந்து பறிபோவதைக் காமிரா கவனிக்காது. கோல் விழும் இடத்தில் கண்ணை வைக்கும். ஏழு முறை தோற்றது ஒரு அணி, ஏழு முறை படத்தில் தெரிந்தது ஒரு ஆள். கூட்டுத் தோல்வியைத் தனிமனிதக் குற்றமாக மாற்றும் இந்த இலக்கணம் நம் சினிமாவுக்கும் சொந்தம்தான்.

ஏழே மாதத்தில், 1983 ஜூன் 25இல், இங்கிலாந்தில் கிரிக்கெட் உலகக் கோப்பை வந்துவிட்டது. ஹாக்கி போய் கிரிக்கெட் வந்த கதை இந்த இரண்டு தேதிகளுக்கு நடுவில் நடந்ததாகச் சொல்வது வழக்கம். ஒரு ஆட்டம் டி.வி.க்கு ஒத்துவந்தது, மற்றது ஒத்துவரவில்லை, அவ்வளவுதானாம்.

இந்த வாதத்தைச் சோதிக்க ஒரு சின்னத் தகவல் போதும். அதே 1983 போட்டியில் ஜூன் 18 அன்று ஜிம்பாப்வேக்கு எதிராகக் கபில் தேவ் எடுத்த 175 ரன்கள்தான் இந்திய ஒருநாள் கிரிக்கெட்டின் மிகப்பெரிய புராணம். அதற்குக் காணொளிப் பதிவே கிடையாது. யாரும் டி.வி.யில் பார்க்காத ஒரு ஆட்டம், சொல்லிச் சொல்லியே தேசத்தின் நினைவில் ஏறியிருக்கிறது. எனில் ‘படத்தில் நன்றாகத் தெரிந்ததால் கிரிக்கெட் ஜெயித்தது’ என்ற கதை எங்கே நிற்கும்?

3

பந்து தெரியவில்லை என்கிற குற்றச்சாட்டை இதைவிடக் கடுமையாகச் சந்தித்த ஆட்டம் ஒன்று உண்டு. கனடாவின் ஐஸ் ஹாக்கி. அங்கே பந்துகூட இல்லை, உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் கறுப்பு ரப்பர் வட்டுதான். பனித்தரையில் அது பறக்கும் வேகத்துக்கு நேரில் பார்ப்பவன் கண்ணே தடுமாறும். 1940 பிப்ரவரி 25இல் நியூயார்க்கில் ரேஞ்சர்ஸ் அணியும் மாண்ட்ரியல் கனடியன்ஸ் அணியும் மோதிய ஆட்டத்தைச் சோதனை நிலையம் ஒன்று ஒளிபரப்பியபோது, அதைப் பார்க்க அந்த மாநகரில் சில நூறு பெட்டிகள்தான் இருந்தன. மங்கலான படம், சின்னத் திரை. இன்றைய நம் விமர்சகர் ஒருவர் அங்கே இருந்திருந்தால், ‘இது டி.வி.க்கு ஒத்துவராது’ என்று அன்றைக்கே தீர்ப்பு எழுதியிருப்பார்.

நடந்தது வேறு. 1952 செப்டம்பரில் கனடாவின் பொது ஒளிபரப்பு நிறுவனமான சி.பி.சி. தொலைக்காட்சி தொடங்கியது. அக்டோபர் 11இல் மாண்ட்ரியலிலிருந்து பிரெஞ்சில், நவம்பர் 1இல் டொராண்டோவிலிருந்து ஆங்கிலத்தில் ஹாக்கி வந்துவிட்டது. சனிக்கிழமை இரவு என்றால் ஹாக்கி என்று ஆனது. அதே கறுப்பு வெள்ளைப் பெட்டி, அதே வட்டு. எப்படித் தெரிந்தது?

காதால் தெரிந்தது. ஃபாஸ்டர் ஹெவிட் என்ற வர்ணனையாளர் இருபது வருடங்களுக்கு மேலாக வானொலியில் அந்த ஆட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். வட்டு எங்கே போகும் என்பது கேட்பவர்களுக்கு மனப்பாடம். படம் வந்தபோது கண் தேடுவதற்கு முன்னால் காது கண்டுபிடித்துவிட்டது. பிரெஞ்சுப் பக்கத்தில் ரெனே லெகாவாலியே ஆங்கிலச் சொற்களுக்குப் பதிலாகப் பிரெஞ்சுச் சொற்களைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கெபெக் மக்களுக்கு அந்த ஆட்டம் தம் மொழியில் நடந்தது. (நம்மிடமும் சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் வானொலியில் தமிழில் கிரிக்கெட் சொன்னார். அதை மொழி அரசியலாகப் பார்க்க நமக்குத் தோன்றவில்லை.) கண்ணுக்குத் தெரிவது என்பது இயற்கை அல்ல, ஒரு பயிற்சி. ஒரே நாள், ஒரே நேரம், ஒரே குரல் என்று பல வருடம் திரும்பத் திரும்பக் கொடுத்தால் மக்கள் பார்க்கக் கற்றுக்கொள்கிறார்கள். ரேமண்ட் வில்லியம்ஸ் 1974இல் தொலைக்காட்சியைப் பற்றி எழுதியபோது தனித்தனி நிகழ்ச்சிகளைவிட அவற்றின் ‘ஓட்டம்’ முக்கியம் என்றார். ஐஸ் ஹாக்கிக்குக் கிடைத்தது அந்த ஓட்டத்தில் ஒரு நிரந்தர இடம். நம் ஹாக்கிக்குக் கிடைக்காமல் போனதும் அதுதான்.

இதை ரொம்பப் புனிதப்படுத்தவும் வேண்டாம். அந்தச் சனிக்கிழமைகளின் பின்னால் எண்ணெய்க் கம்பெனியின் விளம்பரம் இருந்தது. டொராண்டோ அணியின் முதலாளி கான் ஸ்மைத், முதல் வருடம் ஒரு ஆட்டத்துக்கு 100 டாலர் என்ற பேருக்கு ஒரு விலையில் உரிமையைக் கொடுத்தார் என்று சொல்லப்படுகிறது. டிக்கெட் விற்பனை படுத்துவிடும் என்ற பயத்தில், பல ஆண்டுகள் ஆட்டம் தொடங்கி வெகுநேரம் ஆன பிறகுதான் ஒளிபரப்பு தொடங்கும். வீட்டில் இருந்தவர்கள் முதல் பகுதியைப் பார்த்ததே இல்லை. முதலாளிக்குப் பெட்டி அன்றைக்கு எதிரி. அது பணம் காய்ச்சும் மரம் என்று தெரியக் கொஞ்ச காலம் பிடித்தது.

4

எங்கள் தொழிற்பேட்டையில் பொம்மை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு ஒன்று தெரியும். களிமண்ணைக் கூழாகக் கரைத்துப் பிளாஸ்டர் அச்சில் ஊற்றுவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்சும், சுவரோரம் மண் படிந்து இறுகும், மீதியைக் கொட்டிவிடுவார்கள். அச்சு வெளியே இருந்து உருவத்தை மட்டும் கொடுப்பதில்லை, மண்ணிலிருந்து ஈரத்தையும் எடுத்துக்கொள்கிறது. டி.வி. ஆட்டத்துக்குச் செய்வதும் இதுதான்.

1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஹாக்கி முதன்முறையாகச் செயற்கைத் தரைக்குப் போனது. புல்தரையில் வளர்ந்த இந்தியா ஏழாவது இடத்துக்கு இறங்கியது. வல்லூர்களாக இருந்த ஆசிய அணிகளின் வீழ்ச்சியில் தரைக்கு இருந்த பங்கு பலரும் பேசியதுதான். அதற்குப் பிறகு நடந்தவற்றைப் பாருங்கள். 2012 லண்டனில் தரை நீலமாயிற்று, பந்து மஞ்சளாயிற்று. பெட்டியில் பார்ப்பவர் கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டுமாம். 2014க்குப் பிறகு சர்வதேசப் போட்டிகளில் 35 நிமிடங்களாக இருந்த இரண்டு பாதிகள் போய் 15 நிமிடங்களாக நான்கு கால்பகுதிகள் வந்தன. இடைவேளை ஒன்று மூன்றானது. விளம்பரத்துக்கு மூன்று ஜன்னல். அமெரிக்காவில் ஃபாக்ஸ் நிறுவனம் 1996இல் ஐஸ் ஹாக்கியின் வட்டுக்குள்ளேயே மின்கருவியைப் பொருத்தித் திரையில் அதைச் சுற்றி நீல ஒளியைக் காட்டியது. ஆட்டம் அறிந்தவர்கள் சிரித்தார்கள், திட்டினார்கள். 1998இல் அது நிறுத்தப்பட்டது. ஆட்டம் பார்க்கத் தெரிந்த ஜனம் ஒரு அச்சை ஏற்க மறுத்த உதாரணம் இது.

கபடிக்கு வருவோம். ‘கிராமத்து ஆட்டம், டி.வி.யில் யார் பார்ப்பார்கள்’ என்று சொல்லப்பட்ட ஆட்டம். 2014 ஜூலையில் புரோ கபடி லீக் வந்தது. ஒரே பருவத்தில் அந்த வாக்கியம் செத்தது. ஒத்துவராது என்பது எவ்வளவு பொய் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ஆனால் என்ன விலைக்கு? மண் போய் மெத்தை வந்தது தெரிந்ததே. ஒரு முறை பாடிப் போக 30 வினாடி என்று கடிகாரம் வைத்தார்கள். வெறுங்கையோடு திரும்பிக்கொண்டே இருந்தால் ‘செத்தாலும் புள்ளி எடு’ என்கிற விதி வந்தது. 2015இல் லீக்கை நடத்தும் கம்பெனியின் 74 சதவீதத்தை ஒளிபரப்பும் ஸ்டார் நிறுவனமே வாங்கிக்கொண்டது. அதாவது ஆட்டமும் அவர்களுடையது, காமிராவும் அவர்களுடையது.

சூளையில் வேலை பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவர், இளவயதில் சுற்றுவட்டாரப் பந்தயங்களில் பாடிப் போனவர். அவரிடம் இதைக் கேட்டேன். “நம்ம ஆட்டந்தான் தம்பி, இல்லன்னு சொல்லல. புள்ளைங்க நல்லாத்தான் ஆடுறானுவ. ஆனா நாங்க ஆடும்போது மூச்சு நின்னா ஆள் அவுட்டு. இப்ப மூச்சு யாருக்குக் கேக்குது? கடியாரந்தான் ஆடுது” என்றார். கொஞ்ச நேரம் கழித்து அவரே, “ஆனா ஒண்ணு. அந்தப் பசங்களுக்கு நாலு காசு வருதுல்ல. எங்களுக்கு ஒரு குத்துவெளக்கும் துண்டும்தான் குடுத்தானுவ” என்றும் சேர்த்துக்கொண்டார்.

அவருடைய இரண்டாவது வாக்கியத்தை நாம் முதலாவதற்கு நிகராகக் கேட்க வேண்டும். மரபு கெட்டுவிட்டது என்று புலம்புவது நமக்குச் சுலபம். துண்டோடு வீட்டுக்குப் போனவன் நாம் அல்ல. மூச்சால் அளந்த ஆட்டம் வினாடியால் அளக்கப்படுவது ஒரு இழப்பு. உழைத்த உடம்புக்குக் கூலி கிடைப்பது ஒரு நியாயம். இரண்டும் ஒரே ஒப்பந்தத்தில் வந்து சேர்கின்றன என்பதுதான் சிக்கல்.

5

ஒப்பந்தம் என்றால் 1993க்குப் போக வேண்டும். அதற்கு முன்பு, ஆட்டத்தைக் காட்டத் தூர்தர்ஷனே கிரிக்கெட் வாரியத்திடம் ஒரு ஆட்டத்துக்கு 5 லட்சம் ரூபாய் கேட்டது என்பது வாரியத்தில் இருந்தவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லிவரும் செய்தி. அந்த வருடம் வங்காளக் கிரிக்கெட் சங்கம் நடத்திய ஹீரோ கோப்பைக்கான ஒளிபரப்பு உரிமை டி.டபிள்யூ.ஐ. என்கிற வெளிநாட்டு நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. அரசு மறித்தது. அதன் கையில் இருந்த ஆயுதம் வெள்ளைக்காரன் போட்ட 1885ஆம் வருடத் தந்திச் சட்டம். தந்திக் கம்பிக்குப் போட்ட சட்டம் ஈடன் தோட்டத்துக் காமிராவை நிறுத்தப் பார்த்தது. வழக்கு உச்ச நீதிமன்றத்துக்குப் போனது.

1995 பிப்ரவரி 9 அன்று நீதிபதிகள் பி.பி. சாவந்த், எஸ். மோகன், பி.பி. ஜீவன் ரெட்டி ஆகியோர் அளித்த தீர்ப்பு, அலைவரிசைகள் பொதுச்சொத்து என்றது. அவை அரசின் ஏகபோகமும் அல்ல, பணம் படைத்தவரின் ஏகபோகமும் ஆகக்கூடாது. பொது அதிகாரம் ஒன்று அவற்றை மக்கள் நலனுக்காக நிர்வகிக்க வேண்டும். இந்த நாட்டின் ஊடக வரலாற்றிலேயே மிக முக்கியமான இந்தக் கருத்து, கருத்துச் சுதந்திரப் போராட்டம் எதிலிருந்தும் பிறக்கவில்லை. ஒரு கிரிக்கெட் போட்டியின் வியாபாரத் தகராறிலிருந்து பிறந்தது. விளையாட்டைப் பற்றிப் பேச வெட்கப்படும் நம் அறிவுஜீவிகள் இதை யோசிக்க வேண்டும்.

ஆனால் தீர்ப்பின் முதல் பாதி மட்டும் நிறைவேறியது. அரசின் ஏகபோகம் போனது. பொதுமக்கள் வர வேண்டிய இடத்துக்கு வாரியமும் சேனல்களும் வந்தன. 2023 முதல் 2027 வரை ஐந்து பருவ ஐ.பி.எல். ஊடக உரிமைகள் 48,390 கோடி ரூபாய்க்குப் போயின. காட்டுவதற்குக் காசு கொடுக்கச் சொன்ன காலத்திலிருந்து இங்கே வர முப்பது வருடம்கூட ஆகவில்லை.

இதை ஊர்க் கணக்கில் சொல்கிறேன். 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011க்குள் ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட பெட்டிகள் வீடுகளுக்குப் போயின. எங்கள் பக்கத்துத் தெருக்களுக்கும் வந்தன. பெட்டி இலவசமாக வந்த அதே காலத்தில் ஆட்டம் கட்டணச் சேனலுக்குப் போனது. 2007இல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் போட்டது: தேசிய முக்கியத்துவம் உள்ள ஆட்டங்களின் ஒளிபரப்பைத் தனியார் பிரசார் பாரதியோடு பகிர வேண்டும். நல்ல சட்டம். ஆனால் அப்படிப் பகிரப்படும் ஆட்டத்தைத் தூர்தர்ஷன் தன் சொந்தக் கோபுரம் வழியாகவும் தன் இலவச டிஷ் வழியாகவும்தான் காட்டலாம், தனியார் கேபிள் வழியாகக் காட்டக்கூடாது என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. கோபுரங்களில் பெரும்பாலானவை பிறகு மூடப்பட்டன. கேபிள் வைத்திருக்கும் வீட்டில் அதே தூர்தர்ஷனைத் திருப்பினால் ஆட்டம் இருக்காது. 2023இல் ஐ.பி.எல். கைபேசியில் இலவசம் என்று வந்தது. பழக்கம் பிடித்தபின் 2025இல் சந்தாவுக்குள் போனது. 1995இன் ‘பொதுச்சொத்து’ பீங்கான் தொழிலாளி வீட்டுக்கு வந்து சேரும்போது இந்த லட்சணத்தில் இருக்கிறது.

6

இந்தச் சண்டை முழுவதிலும் அரசு, வாரியம், சேனல் என்று மூன்று பேர் பேசினார்கள். ஆடுகிறவன் எங்கே?

இங்கே மறுபடியும் கனடாப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கிறது. 1957 ஜனவரியில் ஐஸ் ஹாக்கி ஆட்டங்கள் அமெரிக்கா முழுவதும் சி.பி.எஸ். வலையமைப்பில் வரத் தொடங்கின. அடுத்த மாதமே டெட்ராய்ட் அணியின் டெட் லிண்ட்சே, மாண்ட்ரியலின் டக் ஹார்வி போன்றவர்கள் ஆட்டக்காரர் சங்கம் ஒன்றை அறிவித்தார்கள். ஓய்வூதியக் கணக்கைக் காட்டு என்றார்கள்; டி.வி. வருமானம் எங்களுக்கும் சேர வேண்டும் என்றார்கள். தங்கள் உடம்பின் படம் விற்கப்படுகிறது, அதில் தங்களுக்குப் பங்கு உண்டு என்று அவர்களுக்கு ஒரே மாதத்தில் புரிந்துவிட்டது. கோட்பாட்டாளர்களுக்கு அதைச் சொல்ல இன்னும் பல வருடம் ஆயிற்று. முதலாளிகள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கோடையிலேயே லிண்ட்சே சிகாகோவுக்குத் தள்ளப்பட்டார். சங்கம் உடைக்கப்பட்டது. 1967இல் புதிதாக வந்த சங்கத்தை நடத்திய வழக்கறிஞர் ஆலன் ஈகிள்சன் ஆட்டக்காரர்களையே ஏமாற்றியவர் என்று 1998இல் மோசடிக் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஆகவே சங்கம் என்ற பெயரே விடுதலை ஆகிவிடாது. ஆனாலும் விடாமல் நடந்த பேரத்தின் விளைவாக, 2013 ஒப்பந்தத்தின்படி லீக்கின் ஹாக்கி வருமானத்தில் சரிபாதி ஆட்டக்காரர்களுக்கு என்றானது.

இங்கே? 2019இல் வாரியத்தின் அங்கீகாரத்தோடு உருவான இந்தியக் கிரிக்கெட் ஆட்டக்காரர் சங்கம் ஓய்வு பெற்றவர்களுக்கு மட்டும். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்கு அதில் இடமில்லை. ஏலத்தில் கோடிகளுக்குப் போகும் நட்சத்திரத்துக்குச் சங்கம் எதற்கு என்று கேட்கலாம். ஏலத்தில் பெயர் வராதவனுக்கு வேண்டும். முழங்கால் போன கபடிக்காரனுக்கு வேண்டும். படத்தின் ஓரத்தில் இருப்பவனுக்கு வேண்டும்.

‘பந்து தெரியவில்லை’ என்ற வாக்கியத்துக்கு இப்போது பதில் சொல்லலாம். 2023 ஆகஸ்டில் சென்னை மேயர் ராதாகிருஷ்ணன் அரங்கத்தில் ஆசியச் சாம்பியன் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியா மலேசியாவை 4–3 என்று வென்றபோது எல்லோருக்கும் பந்து தெரிந்தது. தெரியாமல் இருப்பது வேறு: காமிராவை எங்கே வைப்பது என்று முடிவு செய்பவர், கால்பகுதிகளைப் பிரித்தவர், வருகிற பணத்தில் ஆடுகிறவனுக்கு எவ்வளவு என்று தீர்மானிப்பவர், எந்தக் கம்பி வழியாக எந்த வீட்டுக்குப் போகலாம் என்று கதவைச் சாத்துபவர்.

எழுத்தாளர்களும் இயக்கத் தோழர்களும் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. கபடியா கிரிக்கெட்டா என்ற பட்டிமன்றத்தை விட்டுவிட்டு இரண்டு கோரிக்கைகளைக் கையில் எடுக்கலாம். பொது அலைவரிசையில் ஓடும் ஆட்டத்தின் கணக்கு பொதுவில் வைக்கப்பட வேண்டும். ஆடிக்கொண்டிருப்பவர்களுக்குச் சங்கம் வைக்கும் உரிமை வேண்டும். 1995 தீர்ப்பின் இரண்டாவது பாதி இன்னும் நிறைவேறாமல் கிடக்கிறது. அதை அரங்கத்தில் இருப்பவர்கள் கேட்கமாட்டார்கள். காசு கட்டாமல் திரை இருட்டாகிப்போன வீட்டிலிருந்துதான் அந்தக் கேள்வி வர வேண்டும்.